ஒரே சர்வரில் டேட்டாபேஸும் கோப்புகளும் இருந்தால் எந்த டீஃபால்ட்டை மாற்றலாம்?

லினக்ஸ் சர்வர் மெதுவாக ஓடுகிறது, டீஃபால்ட்டுகளை (தானாக வரும் அமைப்புகளை) மாற்றச் சொல்லி இணையத்தில் கிடைத்த டியூனிங் பட்டியலை அப்படியே போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுடையதும் ஒரே இயந்திரத்தில் எல்லாவற்றையும் வைத்திருக்கும் சிறிய நிறுவனமாகத்தான் இருக்கும். போடாதீர்கள்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடையின் சர்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு முன்பு இருந்தவர், பில் வேகமாக விழ வேண்டும் என்பதற்காக போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில், பதிவுகள் உண்மையிலேயே வட்டில் எழுதப்பட்டதை உறுதிசெய்யும் எஃப்சிங்க்கை அணைத்துவிட்டு, வேகம் கூட்டியதாகச் சொல்லிப் பணமும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு மழை நாளில் கரண்ட் போய், யுபிஎஸ் பேட்டரியும் தீர்ந்த பிறகு டேட்டாபேஸ் எழவே இல்லை. முந்தைய இரவின் பேக்கப்பிலிருந்து மீட்டு, அன்றைய பில்களை ஊழியர்கள் நகலைப் பார்த்து மறுபடி ஏற்றினார்கள். 2011 டிசம்பரில் தானே புயலைக் கண்ட ஊரில், கரண்ட் போகாது என்ற நம்பிக்கையில் ஒருவர் இப்படிச் செய்ததை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

தாமதத்தின் காரணம் வேறு. மென்பொருள் பில்லின் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகக் கமிட் செய்து (நிரந்தரமாகப் பதிந்து), ஒவ்வொரு முறையும் வட்டில் எழுதி முடியும்வரை காத்துக்கொண்டிருந்தது. ஒரு பில்லுக்கு ஒரே கமிட் என்று மாற்றச் சொன்னதும், எஃப்சிங்க் இயங்கியபடியே வேகம் வந்துவிட்டது. அதன் பிறகுதான் 128 எம்பியாக இருந்த ஷேர்டு பஃபர்ஸை, அதாவது டேட்டாபேஸ் தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இடத்தை, ரேமின் கால் பங்குக்கு உயர்த்தினேன். எஸ்எஸ்டி வட்டு என்பதால், அங்கங்கே தாவிப் படிக்க ஆகும் செலவு என்று டேட்டாபேஸ் கணக்கிடும் ரேண்டம் பேஜ் காஸ்ட்டை 4இலிருந்து 1.1க்கு இறக்கினேன். எஃப்சிங்க் இல்லாமலே பல வருடம் ஓட்டுகிறோம் என்று சிலர் சொல்லக்கூடும். அவ்வளவு அவசரமென்றால், ஒவ்வொரு கமிட்டும் வட்டில் எழுதி முடியக் காத்திருக்க வைக்கும் சிங்க்ரனஸ் கமிட்டை மட்டும் அணைக்கட்டும். கடைசி நொடியின் பதிவுகள் சில போகலாமே தவிர, டேட்டாபேஸ் சிதையாது.

பில் நகல்கள் கோப்புகளாக இருந்த பார்ட்டிஷனில் (வட்டின் தனிப் பகுதியில்) சிக்கல் வேறு விதம். பாதிக்கு மேல் காலியாக இருந்தும் இடமில்லை என்றே பிழை வந்தது. 'டிஎஃப் -ஐ' கட்டளை கொடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வேண்டிய ஐநோடு என்ற பதிவு 100 சதவீதம் தீர்ந்திருந்தது. அங்கிருந்த இஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டம் (கோப்புகளை வட்டில் அடுக்கும் முறை) வழக்கமாக 16 கேபிக்கு ஓர் ஐநோடு என்று ஃபார்மேட் செய்யும்போதே ஒதுக்கிவிடும். அதே பார்ட்டிஷனில் அந்த விகிதத்தைப் பிறகு மாற்ற முடியாது. இரண்டு மூன்று கேபி அளவில் குவியும் கோப்புகளுக்கு அது போதவில்லை. ஐநோடைத் தேவைக்கேற்ப ஒதுக்கிக்கொள்ளும் எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்துக்கு அவற்றை மாற்றினேன். டேட்டாபேஸ் இஎக்ஸ்டி4இலேயே இருக்கிறது. அதை மாற்ற எந்தத் தேவையும் வரவில்லை.

கோப்பைப் படிக்கும்போது படித்த நேரத்தைக் குறிக்காமல் விடும் நோஏடைம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அந்த நேரத்தை எப்போதாவது மட்டும் குறிக்கும் ரிலேடைம் ஏற்கெனவே டீஃபால்ட்டாக இருப்பதால் பெரிய லாபத்தை எதிர்பார்க்க வேண்டாம். வேலை மும்முரமாக நடக்கும் நேரத்தில் வட்டின் வேலைப் பளுவைக் காட்டும் ஐஓஸ்டாட் கட்டளையை ஓடவிட்டு, வட்டு எழுதுவதில் திணறுகிறதா, படிப்பதில் திணறுகிறதா என்று முதலில் பாருங்கள். அந்த எண்களைக் கருத்துப் பகுதியில் எழுதினால், எதை மாற்றலாம் என்று சொல்கிறேன்.