மிச்சிகனிடம் தோற்ற வாரம்: கேள்வி பதில்

2024 நவம்பர் 30, சனிக்கிழமை மதியம், அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் எங்கள் கொலம்பஸ் ஊர் அணியான ஓஹாயோ ஸ்டேட் தன் சொந்த மைதானத்தில் பரம எதிரியான மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றது. நம் அணி தரவரிசையில் இரண்டாவது. அவர்கள் பட்டியலிலேயே இல்லை. அன்று காலை வரை 6 வெற்றி, 5 தோல்வி. ஏறக்குறைய இருபது புள்ளி வித்தியாசத்தில் நாம் ஜெயிப்போம் என்று பந்தயக்காரர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். 2002-இல் கொலம்பஸுக்கு வந்ததிலிருந்து இந்த அணியே கதி என்று கிடப்பவன் நான். அதனால் எல்லாரும் என்னிடம்தான் கேட்கிறார்கள்.

ஆகஸ்டில் இந்தியாவிலிருந்து வந்த மாணவர்: அண்ணா, ஒரு மேட்ச்தானே? என் ரூம்மேட் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

தம்பி, சீசனுக்கு லீக் ஆட்டம் மொத்தமே பன்னிரண்டு. நாளைக்கு இன்னொரு மேட்ச் இருக்கிறது என்று தேற்றிக்கொள்ள இது கிரிக்கெட் இல்லை. அதிலும் மிச்சிகன் ஆட்டம் கடைசி ஆட்டம். போன வாரம் கேம்பஸ் பலகைகளில் எம் எழுத்தின் மேலெல்லாம் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்ததே, பார்த்தீர்களா? ஒரு எழுத்தையே ஒரு வாரம் தள்ளிவைக்கிற ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் மிச்சிகனிடம் தொடர்ந்து நாலாவது தோல்வி. ரூம்மேட்டுக்கு ரசம் சாதம் கொடுங்கள். சமாதானமெல்லாம் அப்புறம்.

கொலம்பஸ் பக்கத்து டப்ளினிலிருந்து ஒரு அம்மா: பத்து வயதுப் பையன். ஜெர்சியைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் எறிந்துவிட்டான். இனி போடவே மாட்டானாம்.

எடுத்துத் துவைத்து மடித்து, பேசாமல் வைத்துவிடுங்கள் அம்மா. என் மகளும் 2014-இல் இதையேதான் செய்தாள். செப்டம்பரில் இதே மைதானத்தில் வர்ஜீனியா டெக்கிடம் 35-21 என்று தோற்ற ராத்திரி. ஜனவரியில் அவளே தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

போலாரிஸ் பக்கத்திலிருந்து ஒரு நண்பர்: சார், நிஜமாகவே நம்பிக்கைக்கு இடம் இருக்கிறதா, இல்லை மனசைத் தேற்றிக்கொள்கிறோமா?

எப்படித் தோற்றோம் என்று பார்த்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும். மிச்சிகன் பந்தை எறிந்து எடுத்தது வெறும் 62 யார்டு. அவர்கள் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், எறிந்ததில் இரண்டை நாம் பிடித்தோம். நம் தடுப்பாட்டம் கொடுத்தது 13 புள்ளி. இப்படி ஆடினால் பத்துக்கு ஒன்பது தடவை ஜெயிப்போம்.

கோளாறு எல்லாம் மறுபக்கம். மிச்சிகனின் பலமே தடுப்பாட்டத்தின் நடுவில் நிற்கும் மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் என்ற இரண்டு மலைகள். அந்த மலைகளைப் பார்த்தே திரும்பத் திரும்ப ஓடினோம். 26 ஓட்டம், 77 யார்டு, அதாவது ஓட்டத்துக்கு மூன்று யார்டுகூடத் தேறவில்லை. வெளியே, எறிந்தால் பிடிக்க ஜெரமையா ஸ்மித், எமேகா எக்புகா, கார்னெல் டேட் மூவரும் நிற்கிறார்கள். வீட்டில் பிரியாணி இருக்க, பழைய சோற்றுக்கு வரிசையில் நின்ற கதை. நமக்கு வழிவிட்டுக் கொடுக்கும் முன்வரிசையில் (லைன்) இடது டாக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் அக்டோபரிலேயே காயம். சென்டர் சேத் மக்லாஃப்லினும் போன மாதம் காயத்தால் விலகிவிட்டார். லைன் பலவீனமாக இருக்கும்போது அதன் முதுகில் ஏறி ஆட்டத்தை ஓட்ட நினைத்தது யோசனைப் பிழை. அதோடு நம் குவார்ட்டர்பேக் வில் ஹவர்ட் எறிந்ததில் இரண்டை அவர்கள் பிடித்தார்கள், உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல் இரண்டு தவறியது. இடைவேளையில் 10-10, அதற்குப் பிறகு நமக்கு ஒரு புள்ளிகூட இல்லை. 45 விநாடி மீதியிருக்க அவர்கள் ஒரு ஃபீல்டு கோல் அடித்தார்கள், முடிந்தது.

என் நம்பிக்கையின் ஆதாரம் இதுதான்: ஆள் பற்றாமல் தோற்ற அணியை டிசம்பரில் சரிசெய்ய முடியாது. பிடிவாதத்தால் தோற்ற அணியைச் சரிசெய்யலாம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அடுப்பைக் கூட்டி வைக்கத் தெரியாதவன் வேகவைத்த பானைக்கு அது பொருந்துமா?

அதே நண்பர்: சரி, கோப்பைக்கான நாக்அவுட் சுற்று, பிளேஆஃப், கிடைக்குமா?

பழைய நாலு அணி முறையாக இருந்தால் இந்நேரம் கடையைக் கட்டியிருப்போம். இந்த வருடம்தான் முதன்முறையாகப் பன்னிரண்டு அணி. ஐந்து இடம் கான்ஃபரன்ஸ் எனும் அணிக் குழுக்களின் சாம்பியன்களுக்கு, ஏழு இடம் மற்றவர்களுக்கு. நாம் 10 வெற்றி, 2 தோல்வி. இரண்டு தோல்வியும் சேர்ந்து நாலு புள்ளி வித்தியாசம்தான். ஆரிகனிடம் 32-31, இப்போது 13-10. பென் ஸ்டேட்டையும் இண்டியானாவையும் ஜெயித்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் என்னை வந்து கேளுங்கள். ஐந்திலிருந்து எட்டாவது இடத்துக்குள் வந்தால் முதல் சுற்றே நம் மைதானத்தில்.

சின்சினாட்டி வாசகர்: இப்படித் தோற்று எழுந்தவர்கள் யாராவது உண்டா?

2014-இல் நாமேதான். குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லர் சீசனுக்கு முன்பே காயம். ஜே.டி. பேரட் வந்தார், வர்ஜீனியா டெக்கிடம் தோற்றார், தேறினார், மிச்சிகன் ஆட்டத்தில் கணுக்கால் உடைந்தது. மூன்றாவது ஆளாக வந்த கார்டேல் ஜோன்ஸ் விஸ்கான்சினை 59-0, அலபாமாவை 42-35, ஆரிகனை 42-20. கோப்பை கொலம்பஸுக்கு வந்தது.

இந்த வருடமே ஒன்று இருக்கிறது. நோட்ரே டேம் செப்டம்பர் 7 அன்று தன் மைதானத்தில் நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 என்று தோற்று ஊர் சிரித்தது. அடுத்த வாரம் பர்டூவை 66-7. அதற்குப் பிறகு ஒன்றில்கூடத் தோற்கவில்லை. நாம் தோற்ற அதே சனிக்கிழமை யூ.எஸ்.சி.யை அடித்து 11-1 என்று முடித்தார்கள். ஆனால் அவர்களுக்குச் சரிசெய்ய பன்னிரண்டு வாரம் இருந்தது. நமக்கு மூன்று.

பெயர் சொல்ல விரும்பாதவர்: பயிற்சியாளர் ரயன் டேயை அனுப்பிவிட வேண்டாமா?

66 வெற்றி, 10 தோல்வி. அந்தப் பத்தில் நாலு மிச்சிகனிடம். இந்த இரண்டு கணக்கும் உண்மை, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எனக்கும் சனிக்கிழமை டிவியில் செருப்பை வீசத் தோன்றியது. ஆனால் பிளேஆஃப் வாசலில் நிற்கும்போது மாலுமியை மாற்றச் சொல்பவர் கரையில் இருந்து பேசுகிறார்.

மிச்சிகன் அணியின் ஊரான அன் ஆர்பரிலிருந்து ஒரு குறும்பர்: நாலு வருஷம் ஆச்சு, இன்னும் கணக்கா? வாழ்த்துகள்!

நன்றி தம்பி. 2007-இல் அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 34-32 என்று உங்கள் ஊர் தோற்றபோது நானும் வாழ்த்துச் சொன்னேன். அடுத்த வாரம் ஆரிகனிடமும் 39-7. அப்புறம் தொடர்ந்து எட்டு ஜெயித்தீர்கள், நானே ஆச்சரியப்பட்டேன். ஆட்டம் முடிந்ததும் உங்கள் ஆட்கள் நம் மைதான நடுவில் கொடி நட்ட விவகாரம் பற்றி நான் பேச மாட்டேன். இரண்டு பக்கமும் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

மீண்டும் அந்த மாணவர்: முதல் சுற்று இங்கேதான் என்றால் டிக்கெட் வாங்கலாமா அண்ணா?

வாங்குங்கள். டிசம்பர் மூன்றாவது வாரத்துச் சனிக்கிழமை, ராத்திரி ஆட்டமாக வைத்தால் குளிர் எலும்பில் இறங்கும். பெஞ்சு சில்லென்று இருக்கும், உட்கார அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து எடுத்துப்போங்கள். சாக்ஸ் இரண்டு ஜோடி. ரூம்மேட்டையும் கூட்டிப்போங்கள், அதற்குள் சாப்பிட ஆரம்பித்திருப்பார்.