இறைவாக்கை எதிர்த்துக் கேட்கலாமா? எங்கள் ஆயா கேட்டார்

கடவுள் அருளியது என்று நம்பப்படும் வேதத்தையோ வாக்கையோ மனிதன் கேள்வி கேட்கலாமா, குறை சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கலாம். நான் சாமி கும்பிடுகிறவள், கும்பிடுகிற இடத்தில் நின்றுகொண்டுதான் இதைச் சொல்கிறேன். இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. நான் படித்து ஆசிரியை ஆனதே சாமியிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வியால்தான்.

எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது என் பெரியப்பா மேல் அம்மன் வரும். 2004, கிருஷ்ணகிரி எங்களிடமிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்த வருடம். எனக்குச் சேலத்தில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். எங்கள் வகையறாவில் அதுவரை எந்தப் பெண்ணும் வெளியூரில் தங்கியதில்லை.

பம்பை முழங்கியது. மஞ்சள் வேட்டியும் கையில் வேப்பிலைக் கொத்துமாகப் பெரியப்பா ஆட ஆரம்பித்தார். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள், சாமி வந்ததும் ஊரே விழுந்து கும்பிட்டுவிடும் என்று நினைப்பார்கள். அப்படிக் கிடையாது. பம்பைக்காரர் முதலில் கேட்பது, "வந்திருக்கறது யாரு? பேரைச் சொல்லு" என்பதுதான். சாமி என்று சொன்னால் மட்டும் போதாது. எலுமிச்சம்பழத்தைக் கூட்டத்தில் யாராவது மடியில் ஒளித்து வைத்திருப்பார்கள், அதைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றுவார்கள். வந்தது சாமியா, காத்துக் கருப்பா, வெறும் ஆட்டமா என்று பார்த்த பிறகுதான் வாக்குக் கேட்பார்கள். பள்ளிக்கூட வாசலே மிதிக்காத பெரியவர்கள் வகுத்து வைத்த முறை இது.

அன்றைக்குச் சோதனையெல்லாம் முடிந்து, அம்மன் என் பக்கம் திரும்பியது. "இந்தப் புள்ளையத் தெக்க அனுப்பாத. அனுப்புனா குடும்பத்துக்கு ஆகாது." அப்பா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

கூழ்ப்பானைக்குப் பக்கத்தில் இருந்த ஆயா, அப்பாவைப் பெற்றவர், கேழ்வரகு மாவு ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தார். அம்மன் முன்னால் நின்று, கையைக் கூப்பியபடியே கேட்டார்: "தாயே, நீ சொன்னா நான் கட்டுப்படறேன். ஆனா சொல்றது நீயா, இல்ல எங்க வீட்டு மூத்தவனா? போன வாரம் திண்ணையில உக்காந்து அவனும் இதையேதான் சொன்னான்."

பம்பை நின்றுவிட்டது.

அந்தக் கேள்வியின் பெருமை எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. இப்போது கிருஷ்ணகிரி பக்கம் ஒரு பள்ளியில் வேலை செய்கிறேன். உடன் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் முஸ்லிம். தினமும் ஒரே பேருந்து. ஆயா கதையை ஒருநாள் அவரிடம் சொன்னபோது, "இதே கேள்வியை எங்க நபிகிட்டயும் ஒருத்தர் கேட்டிருக்கார்" என்றார். நபிகள் வரலாற்று நூல்களில் வருவதாம். 624-ல் நடந்த பத்ருப் போருக்கு முன்னால் நபிகள் ஓர் இடத்தில் படையை நிறுத்துகிறார். ஹுபாப் இப்னு முன்திர் என்ற தோழர் வந்து, "இந்த இடம் அல்லாஹ் உங்களுக்குச் சொன்னதா, இல்லை போருக்காக நீங்களே யோசித்த கருத்தா?" என்று கேட்கிறார். என் கருத்துதான் என்கிறார் நபி. அப்படியானால் இது சரியான இடமில்லை, எதிரிக்குப் பக்கத்தில் இருக்கும் கிணற்றருகே போய் நிற்போம் என்று அவர் சொல்ல, நபியும் படையை அங்கே நகர்த்துகிறார்.

அந்தக் கேள்வியால் ஹுபாபின் நம்பிக்கை குறைந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. இறைவன் சொல் எது, மனிதன் சொல் எது என்று பிரித்தறியக் கேட்டார், அவ்வளவுதான். என் ஆயா கேட்டதும் அதைத்தான்.

இந்தக் கேள்விக்கு நம் ஊரில் நக்கீரரைத்தான் எல்லாரும் இழுப்பார்கள். நெற்றிக்கண் கதை உங்களுக்கே தெரியும். அதே நக்கீரர் பெயரில் இன்னொரு கதை இருக்கிறது, எனக்கு அதுதான் நெருக்கம். இறையனார் களவியல் என்ற பழைய இலக்கண நூலின் உரையிலேயே வருவது. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு வருடப் பஞ்சம். பஞ்சம் தீர்ந்து பார்த்தால் பொருள் இலக்கணம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அரசன் கவலைப்படுவதைப் பார்த்து, மதுரைச் சிவனே 60 சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதித் தன் பீடத்துக்குக் கீழே வைக்கிறார். தமிழில் இறைவனே எழுதிக் கொடுத்த நூல் என்றால் அதுதான். அப்புறம் என்ன ஆகிறது? புலவர்கள் ஆளாளுக்கு ஓர் உரை சொல்கிறார்கள். எது சரியான பொருள் என்று தெரியவில்லை. கடைசியில் உருத்திரசன்மன் என்ற வாய் பேசாத ஐந்து வயதுப் பிள்ளையை உட்காரவைத்து ஒவ்வோர் உரையாகப் படிக்கிறார்கள். நக்கீரர் உரையைக் கேட்டபோது பிள்ளைக்குக் கண்ணீர் வந்து மயிர் சிலிர்த்ததாம், அந்த உரையை ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தக் கதை அப்படியே நடந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. நூல் கடவுளுடையதாகவே இருக்கட்டும், அதன் பொருளைச் சொல்ல ஒரு மனித வாய் வேண்டியிருக்கிறது. அந்த வாயைச் சோதிக்க வேண்டும் என்று பழைய ஆட்களே நினைத்திருக்கிறார்கள். நடுவராக அவர்கள் தேடிப் பிடித்தது, எந்தப் பக்கமும் சாயத் தெரியாத ஒரு குழந்தையை.

எங்கள் கோயிலிலும் அன்றைக்கு அப்படித்தான் முடிவானது. ஆயா கேட்டதற்கு அம்மன் பதில் சொல்லவில்லை. பூசாரி, "சரி, பூக்கட்டிப் பார்த்துரலாம்" என்றார். வாழையிலைத் துண்டு ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து நாரால் கட்டி அம்மன் காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் அனுப்பலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்க வந்தது என் சித்தப்பா மகன். நான்கு வயது, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்தான். ஆயா பிரித்தார். செவ்வரளி.

ஆயா அந்தப் பூவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு அம்மனைப் பார்த்து, "காலையில இன்னொரு தடவ கேக்கறேன். அதுவும் செவப்பு வந்துட்டா வாயே தொறக்க மாட்டேன்" என்றார். இரவு சாப்பிடாமல் கோயில் மண்டபத்திலேயே படுத்துக்கொண்டார். விடிந்ததும் அதே பையன், அதே மாதிரி இரண்டு பொட்டலம். வெள்ளை வந்தது.

என் அத்தைக்கு மட்டும் இது ஒப்பவில்லை. "வெள்ளை வர்ற வரைக்கும் கேட்டா, அது சாமி வாக்கா, உன் வாக்கா?" என்று அன்றைக்கே கேட்டார். நியாயமான கேள்வி. உங்கள் கேள்வியிலும் உள்ளே இருப்பது இந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன். கேட்க ஆரம்பித்தால், நமக்குப் பிடித்த பதிலைத்தான் கடவுள் வாயில் திணிப்போமோ என்ற பயம்.

சேலம் விடுதியில் என் அறைத்தோழி கிறிஸ்தவள். தூங்கும் முன் பைபிளைச் சத்தமாக வாசிப்பாள், நானும் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். ஆதியாகமத்தில் ஆபிரகாம் சோதோம் ஊருக்காகக் கடவுளிடம் பேரம் பேசுகிற இடம் ஒருநாள் வந்தது. 50 நல்லவர்கள் இருந்தால் ஊரை விட்டுவிடுவீரா என்று ஆரம்பித்து, 45, 40, 30, 20 என்று இறங்கி, 10-ல் நிறுத்துகிறார். கோபிக்க வேண்டாம், இன்னும் ஒரே ஒரு முறைதான் என்று கெஞ்சிக்கொண்டே கேட்கிறார். படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஆயாவின் குரல் அப்படியே கேட்டது. முஸ்லிம் அக்கா சொன்ன மிஃராஜ் சம்பவமும், அதாவது நபிகள் வானுலகம் போய்வந்த கதையும், இதே ஜாடைதான். 50 வேளைத் தொழுகை, மூஸா நபி திரும்பத் திரும்ப அனுப்பிவைத்துக் குறைக்கச் சொல்ல, கடைசியில் 5 ஆகிறது. இன்னும் ஒருமுறை போய்க் கேளுங்கள் என்றபோது, இனிமேல் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது என்கிறார் நபி.

இரண்டிலும் கடவுள் கோபப்படவில்லை. கேட்டவர்களும் ஓர் இடத்தில் நின்றுவிட்டார்கள். ஆயாவும் எந்த இடத்தில் நிற்பேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கேட்டார். வேண்டிய பதில் வரும்வரை கேட்டதாக அத்தை சொன்னது அதனால் சரியில்லை.

ஆனால் ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். காலையிலும் செவ்வரளி வந்திருந்தால் ஆயா கட்டுப்பட்டிருப்பார். நான் கட்டுப்பட்டிருக்க மாட்டேன். என்னைப் பெற்ற தாயை விட அதிகமாக அந்த அம்மனை நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். அப்படிப்பட்டவள் ஒரு பிள்ளை படிக்கக் கூடாது என்று சொல்ல மாட்டாள் என்றுதான் நினைத்திருப்பேன். நீங்கள் கேட்ட இரண்டாவது பாதி, குறை சொல்லலாமா என்பது, இங்கேதான் வருகிறது.

இதில் மதங்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. அக்கா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "புரிஞ்சுக்கக் கேட்கலாம், மனசு அமைதியாகக் கேட்கலாம். இறந்ததை எப்படி எழுப்புவாய்னு காட்டுன்னு இப்ராஹீம் நபியே கேட்டிருக்கார். ஆனா அல்லாஹ் சொன்னதுன்னு உறுதியானப்புறம் அதைத் தப்புன்னு சொல்றது எங்ககிட்ட இல்லம்மா." அதை நான் மதிக்கிறேன். நம் பக்கத்தில் மீமாம்சகர்கள், வேத வாக்கியங்களுக்குப் பொருள் ஆராய்ந்தவர்கள், வேதத்துக்கு ஆக்கியோனே இல்லை, அதனால் அதில் குற்றம் வர வழியில்லை என்றார்கள். அதே நேரத்தில், கீதை உரையில் சங்கரர் எழுதியிருப்பதும் இருக்கிறது. நெருப்பு குளிர்ச்சியானது என்று நூறு வேத வாக்கியம் சொன்னாலும் அதைப் பிரமாணமாக எடுத்துக்கொள்ள முடியாது என்கிறார். வேதத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர் சொன்னது இது. எனக்கு அந்த வாக்கியம் பெரிய ஆறுதல்.

குறை சொல்கிற உரிமை முதலில் யாருக்கு என்று கேட்டால், அந்த வாக்கால் அடிபட்டவர்களுக்கு என்பேன். பைபிளில் செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் வருகிறார்கள். அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை, அதற்காக எங்களுக்கு ஏன் நிலத்தில் பங்கு இல்லாமல் போக வேண்டும் என்று மோசே முன்னால் வந்து நிற்கிறார்கள். மோசே கடவுளிடம் கொண்டுபோகிறார். அந்தப் பெண்கள் சொல்வது சரி என்கிறார் கடவுள், சட்டமும் மாறுகிறது. குர்ஆனின் 58-வது அத்தியாயத்துக்குப் பெயரே வாதாடிய பெண் என்ற பொருளில் வருகிறது. இனி நீ எனக்குத் தாய் மாதிரி என்று சொல்லிக் கணவன் ஒதுக்கிவைத்த கவ்லா என்ற பெண், நபியிடம் போய் விடாமல் முறையிடுகிறாள். அவள் பேசியதை அல்லாஹ் கேட்டுவிட்டான் என்றே அந்த அத்தியாயம் தொடங்குகிறது. இந்தப் பெண்களின் வாதத்தை அந்த வேதங்களே தங்களுக்குள் பத்திரமாக வைத்திருக்கின்றன. கேட்டது பாவம் என்றால் அதை அழித்திருப்பார்களே!

எங்கள் மாவட்டத்தில் இதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பெண் சிசுக்கொலைக்குச் சேலமும் தர்மபுரியும் பெயரெடுத்த காலம் இருந்தது. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பித்து, பிறகு தர்மபுரிக்கும் வந்தது. ஜாதகம் சொன்னது, விதி அப்படி, சாமி கொடுத்தது இவ்வளவுதான் என்று அந்த நாளில் பேசிய வாய்களை என் அம்மா தலைமுறை நேரில் பார்த்திருக்கிறது. அப்போது எழுந்து நின்று "சொல்றது சாமியா, நீயா" என்று கேட்க ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆயா இருந்திருக்க வேண்டும்.

ஒருநாள் பேருந்தில் அக்கா எனக்காக ஒரு வசனத்தைத் தமிழில் சொன்னார். உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடம், எந்தக் குற்றத்துக்காக நீ கொல்லப்பட்டாய் என்று மறுமை நாளில் கேட்கப்படும் என்று குர்ஆனில் வருகிறது. காரிமங்கலம் தாண்டும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. நாம்தான் வேதத்தைக் கேள்வி கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது நம்மைக் கேட்கிற கேள்விக்கு யார் பதில் வைத்திருக்கிறார்கள்?

இன்னொன்று. தமிழில் வேதத்துக்குக் கேள்வி என்றே ஒரு பழைய பெயர் உண்டு. காதால் கேட்டு வந்தது என்ற பொருளில். நான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "கேளு" என்று சொல்லும்போது பாதிப் பேர் காதைக் கொடுப்பார்கள், பாதிப் பேர் கையைத் தூக்குவார்கள். இரண்டு பேரையும் நான் திட்டுவதில்லை.

ஆயா இப்போது இல்லை. பெரியப்பாவுக்கும் முடியாமல் போய், அம்மன் இப்போது அவர் மகன் மேல், என் அண்ணன் மேல் வருகிறது. போன ஆடியில் நானும் ஊருக்குப் போயிருந்தேன். பம்பைக்காரர் வழக்கம்போல, "வந்திருக்கறது யாரு?" என்று ஆரம்பித்தார். பிளஸ் டூ முடித்த அண்ணன் மகள் என் பக்கத்தில் நின்றிருந்தாள். என் சேலையைப் பிடித்து இழுத்து, "அத்தை, நானும் ஒண்ணு கேக்கலாமா?" என்றாள்.

அவளுக்கு வழி விட்டு நான் ஒதுங்கிக்கொண்டேன்.