மாத்திரை, பம்ப், ஊசி, அறுவை சிகிச்சை: விறைப்புக் குறைபாட்டுக்கு எதில் ஆரம்பிப்பது?

உங்களுக்கு வயது 44. ஆறு வருடமாகச் சர்க்கரை, ஒரு வருடமாக விறைப்பு பாதியிலேயே தளர்ந்துவிடுகிறது. மாத்திரை, பம்ப், ஊசி, அறுவை சிகிச்சை என்று எல்லாவற்றையும் படித்துவிட்டு, இதில் எது சிறந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவரிடம் போகக் கூச்சமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

எனக்கு இப்போது 52. இதே பிரச்சினை எனக்கு 46 வயதில் ஆரம்பித்தது, எனக்கும் சர்க்கரைதான். நான் மருத்துவர் இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன நான்கில் இரண்டை வருடக்கணக்கில் பயன்படுத்தியிருக்கிறேன், ஊசியை ஒரு முறை போட்டுப் பார்த்திருக்கிறேன், அறுவை சிகிச்சை பற்றி என் யூராலஜிஸ்ட்டிடம் (சிறுநீர்ப் பாதை, ஆணுறுப்புக் கோளாறுகளைப் பார்க்கும் மருத்துவர்) நிறையக் கேட்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில், 'ஆண்மைக்குறைவு' என்ற சொல்லை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒன்றரை வருடம் என்னை மருத்துவரிடம் போகவிடாமல் தடுத்தது அந்தச் சொல்தான். எனக்கு ஆசை குறையவில்லை, விந்து வராமல் போகவில்லை. குறைந்தது ரத்த ஓட்டமும் நரம்பின் வேகமும்தான். சர்க்கரையால் கால் மரத்துப்போனால் அதை யாரும் குணக்கேடு என்று சொல்வதில்லை, இதற்கு மட்டும் ஏன் அப்படி ஒரு பெயர் என்று இப்போதும் எனக்குக் கோபம் வரும். மாசச்சூசெட்ஸில் 40 முதல் 70 வயது வரையிலான ஆண்களிடம் நடத்தி 1994இல் வெளியான ஆய்வில், 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இந்தக் குறைபாடு இருந்தது. நாம் இரண்டு பேரும் மட்டும் இல்லை.

எது சிறந்தது என்பதற்கு முன்னால், உங்களுக்கு எதனால் வந்தது என்று தெரிய வேண்டும். நான் போனபோது மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா?" என்பதுதான். தூக்கத்திலும் காலையிலும் நன்றாக வந்து, மனைவியுடன் இருக்கும்போது மட்டும் வரவில்லை என்றால், பதற்றம், மனச்சோர்வு, உறவில் உள்ள கசப்பு போன்றவற்றின் பங்கு பெரிதாக இருக்கலாம். அவர்களுக்கு ஆலோசனைதான் முக்கியமான சிகிச்சை. எப்போதுமே பலவீனமாக இருந்தால் உடல்தான் காரணம் என்று சந்தேகிப்பார்கள். அப்புறம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லா மருந்தையும் கேட்டார். சில ரத்த அழுத்த மாத்திரைகள், மனச்சோர்வு மாத்திரைகள்கூட இதற்குக் காரணமாகும். அதற்காக நாமாக எதையும் நிறுத்தக் கூடாது, அவர் மாற்றித் தருவார்.

என் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) அப்போது 9.4 சதவீதம். கொழுப்பு, டெஸ்டோஸ்டிரோன், இதயம் எல்லாம் பார்த்தார்கள். இதற்கு ஏன் இதயப் பரிசோதனை என்று கேட்டேன். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய் 1 அல்லது 2 மில்லிமீட்டர்தான் இருக்கும், இதயக் குழாய் 3 அல்லது 4 மில்லிமீட்டர் என்றார். குழாயின் உட்சுவர் கெடத் தொடங்கினால் சின்னக் குழாய் முதலில் சிரமப்படும். அதனால் பலருக்கு மாரடைப்புக்குச் சில வருடங்கள் முன்பே இந்தக் குறைபாடு வந்துவிடுகிறது. நீங்கள் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் முதல் காரணம். மாத்திரையை யாரையும் கேட்காமல் வாங்கிப் போட்டால் விறைப்பு வந்துவிடலாம், உள்ளே இருக்கும் எச்சரிக்கை மறைந்துபோகும்.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். ஆசை தூண்டப்பட்டதும் நரம்புகள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகின்றன. அதனால் உறுப்பின் உள்ளே இருக்கும் தசைகள் தளர்ந்து ரத்தம் நிரம்புகிறது. அந்தச் செயலை அடக்குவதற்கு பிடிஇ5 என்று ஒரு நொதி இருக்கிறது. மாத்திரை அந்த நொதியைத் தடுக்கிறது, அவ்வளவுதான். ஆசையும் தொடுதலும் இல்லாமல் மாத்திரை மட்டும் எதையும் செய்யாது. இது எனக்கு முதலில் தெரியவில்லை.

எனக்குக் கொடுத்தது சில்டெனாஃபில் 50 மில்லிகிராம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அதைப் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு நாளும் அப்படியே. மாத்திரையே கேட்கவில்லை, இனி அவ்வளவுதான் என்று இருட்டில் அழுதேன். மறுபடி மருத்துவரிடம் போனபோதுதான் தெரிந்தது, கொழுப்பு அதிகமான சாப்பாட்டுக்குப் பிறகு அது வேலை செய்ய ஒரு மணி நேரம்வரை கூடுதலாகத் தாமதமாகும் என்று. வெறும் வயிற்றிலோ கொஞ்சமாகச் சாப்பிட்டோ, ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். ஆறேழு முறையாவது சரியான முறையில் போட்டுப் பார்க்காமல் தோல்வி என்று சொல்லக் கூடாது என்றார். மாத்திரை பலிக்கவில்லை என்று வருகிறவர்களில் நிறையப் பேர் போட்ட முறைதான் தவறாக இருக்கும் என்றும் சொன்னார். அடுத்த முறை 100 மில்லிகிராமில் பலன் தெரிந்தது. கூடவே தலைவலி, மூக்கடைப்பு, முகம் சிவப்பது. சிலருக்குக் கொஞ்ச நேரம் பார்வையில் நீல நிறம் படியும். பலன் நான்கைந்து மணி நேரம் இருக்கும்.

எனக்குத் தொந்தரவாக இருந்தது அந்த நேரக் கணக்குதான். இன்று உண்டா இல்லையா என்று முன்கூட்டியே முடிவு செய்து மாத்திரை போடுவது எங்கள் இருவருக்கும் பரீட்சை மாதிரி ஆகிவிட்டது. அதனால் டடாலாஃபிலுக்கு மாறினேன். அதைத் தேவைப்படும்போது 10 அல்லது 20 மில்லிகிராம் எடுத்தால் 36 மணி நேரம்வரை பலன் இருக்கும், சாப்பாடு தடையில்லை. 5 மில்லிகிராமைத் தினமும் எடுக்கும் முறையும் உண்டு. நான் அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். இரண்டாவது வாரத்தில் நேரம் பார்ப்பதையே மறந்துவிட்டேன். முதுகுவலியும் தொடை வலியும் கொஞ்ச நாள் இருந்து போய்விட்டன. வார்டெனாஃபில் ஏறக்குறைய சில்டெனாஃபில் மாதிரிதான். அவனாஃபில் சீக்கிரமாக வேலை செய்யும். நான்கும் செய்யும் வேலை ஒன்றுதான், உங்கள் வாழ்க்கை முறைக்கு எது பொருந்துகிறது என்பதில்தான் வித்தியாசம்.

இந்த இடத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் வகை மருந்து எடுப்பவர்கள், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை உட்பட, இந்த மாத்திரைகள் எதையும் தொடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக இறங்கிவிடும். நெஞ்சுவலி வந்து அவசர சிகிச்சைக்குப் போனால், இந்த மாத்திரை எடுத்திருப்பதை வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின் போன்ற மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்டே ஆரம்பிக்க வேண்டும்.

மாத்திரை போதாத நாட்களுக்கு எனக்கு உதவியது பம்ப். ஒரு குழாய்க்குள் உறுப்பை வைத்துக் காற்றை வெளியே இழுத்தால் ரத்தம் நிரம்பும். பிறகு அடியில் ஒரு வளையம் மாட்டி அதை நிறுத்த வேண்டும். வளையம் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. உறுப்பு கொஞ்சம் குளிர்ந்து நீலம் பாய்ந்திருக்கும், அடிப்பகுதி தளர்வாக இருக்கும். ரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்கள் கேட்டுவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். உடலுக்குள் எந்த மருந்தும் போவதில்லை என்பது இதன் பெரிய நன்மை. முதலில் எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. என் மனைவியே கையில் எடுத்து இயக்கிய பிறகு அந்தச் சங்கடம் போய்விட்டது.

ஊசியை மருத்துவரின் அறையில் ஒரு முறை போட்டுப் பார்த்தார்கள். ஆல்ப்ரோஸ்டடில் என்ற மருந்து, மிக மெல்லிய ஊசி, உறுப்பின் பக்கவாட்டில். பயந்த அளவுக்கு வலிக்கவில்லை, பத்து நிமிடத்தில் பலன் தெரிந்தது. நரம்பின் சைகை இல்லாமலே வேலை செய்வதால், புராஸ்டேட் அறுவைக்குப் பின் மாத்திரை பலிக்காதவர்களுக்கும் இது உதவும். 1983இல் லாஸ் வேகஸில் நடந்த ஒரு மருத்துவக் கூட்டத்தில் ஜைல்ஸ் பிரிண்ட்லி என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி தன் உடலிலேயே ஊசி போட்டுக்கொண்டு, இது மருந்தால் சரியாகக்கூடிய உடல் பிரச்சினை என்று எல்லோர் முன்னாலும் காட்டினார். அந்தத் துணிச்சலை நினைத்தால், மருத்துவரின் அறைக்குள் போக நான் பட்ட தயக்கம் சின்னதாகத் தெரிகிறது. ஊசியில் கவனிக்க வேண்டியது இது: அளவு கூடினால் விறைப்பு இறங்காமல் நின்றுவிடும். நான்கு மணி நேரம் தாண்டினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் திசுக்கள் நிரந்தரமாகக் கெடும். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இதே விதிதான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் தழும்பு கட்டும். எனக்கு மாத்திரையே போதும் என்று இருந்ததால் ஊசியைத் தொடரவில்லை.

அறுவை சிகிச்சையில் உள்ளே இரண்டு உருளைகளையும் விதைப்பையில் ஒரு சிறு பம்ப்பையும் வைக்கிறார்கள். அதை அழுத்தினால் திரவம் ஏறி விறைக்கும். 1973 முதலே இருக்கும் முறை இது. செய்துகொண்டவர்களில் பெரும்பாலானோர் திருப்தியாக இருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் இயற்கையான விறைப்புத் திசு போய்விடும், பின்வாங்க வழி இல்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குத் தொற்று அபாயமும் அதிகம். 44 வயதில், மாத்திரையே இன்னும் போட்டுப் பார்க்காத நீங்கள் இப்போது யோசிக்க வேண்டியது இது இல்லை. நிறுத்திவிடக்கூடியதில் ஆரம்பியுங்கள்.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி, அது குறைவு என்று பரிசோதனையில் உறுதியானவர்களுக்கு மட்டும். குழந்தை வேண்டும் என்றிருப்பவர்களுக்கு அது விந்தணுவைக் குறைத்துவிடும். அதிர்வலை சிகிச்சையும், நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துப் போடும் பிஆர்பி ஊசியும் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கின்றன. இயற்கை மருந்து என்று விற்கும் பொடிகளை வாங்காதீர்கள். பலவற்றில் சில்டெனாஃபிலையே சொல்லாமல் கலந்திருப்பதைச் சோதனைகள் பிடித்திருக்கின்றன. நைட்ரேட் எடுப்பவர் அதைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இதோடு, வாரத்தில் நான்கைந்து நாள் நாற்பது நிமிடம் வேகமாக நடந்தேன், சிகரெட்டை விட்டேன், ஒரு வருடத்தில் 9.4 இருந்தது 7.1 ஆனது. காலை விறைப்பு சில நாட்கள் தானாகத் திரும்பியது அப்போதுதான். மாத்திரை மட்டும் அதைக் கொடுத்திருக்காது என்று நம்புகிறேன்.

உங்கள் மனைவியிடம் பேசிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. நான் பேசாமல் இருந்த ஒன்றரை வருடமும் அவள் தூங்கிய பிறகுதான் படுக்கப் போனேன். தன்மேல் எனக்கு ஆசை போய்விட்டது என்றே அவள் நினைத்திருக்கிறாள். அதைக் கேட்டபோது எனக்கு நோயைவிட அதுதான் வலித்தது. இன்றைக்கே சொல்லிவிடுங்கள், முடிந்தால் மருத்துவரிடமும் இருவராகப் போங்கள்.

காலை வேளையில் போங்கள், டெஸ்டோஸ்டிரோனைக் காலையில்தான் பார்ப்பார்கள். எடுக்கும் எல்லா மருந்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் வாய் வரவில்லை என்றால், அதே தாளின் மேலே "விறைப்பு நிற்பதில்லை, ஒரு வருடமாக" என்று எழுதி நீட்டிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.