உத்தரிக்கிற ஸ்தலம் (இறந்தவர்கள் மோட்சத்துக்குப் போகும் முன் சுத்திகரிக்கப்படுவது) பைபிளில் இல்லையென்றால் ஆர்.சி.க்காரர்கள் (ரோமன் கத்தோலிக்கர்) ஏன் இறந்தவர்களுக்குப் பூசை வைக்கிறார்கள்? சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் சபையில்) பிறந்தவர் அதில் கலந்துகொள்ளலாமா?

கேள்வியைப் பார்த்தாலே புரிகிறது. உங்கள் மாமனார் வீட்டில் சமீபத்தில் ஒரு துக்கம் நடந்திருக்கிறது. பூசைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். உங்கள் பிறந்த வீட்டுப் பக்கம் யாரோ "போகாதே, வேதத்துக்கு விரோதம்" என்று சொல்லியிருக்கிறார்கள். நான் நினைப்பது தப்பென்றால் மன்னிக்கவும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது, அதனால் எனக்கு வேறு மாதிரி நினைக்க வரவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குருமடத்தில் படித்தவன் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்து ஆர்.சி., அவ்வளவுதான். அம்மா பிறந்தது மயிலாடிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. குடும்பம். 1806இல் ரிங்கல்தௌபே ஐயர் வந்து ஊழியம் செய்த மண் என்று இன்றைக்கும் பெருமை பேசுவார்கள். கல்யாணத்தின்போது அம்மா ஆர்.சி. ஆனார். திரும்ப ஞானஸ்நானம் கிடையாது, உறுதிபூசுதல் மட்டும்தான் கொடுத்தார்கள். ஆக, இந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டேதான் நான் வளர்ந்தேன்.

அப்பாவின் முப்பதாம் நாள். பூசை முடிந்து வீட்டு முற்றத்தில் பந்தி. தாய்மாமா பூசைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்கு இளையவர், அவர் சபையில் கமிட்டி மெம்பர். சாமியார் "நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் ஆண்டவரே" என்றதும் கோயிலே "முடிவில்லாத ஒளி அவர்மேல் ஒளிர்வதாக" என்றது. மாமா வாயைத் திறக்கவில்லை. அது அவர் உரிமை, எனக்கு அதில் வருத்தமே இல்லை. இலையில் பருப்பு விழுந்ததும்தான் ஆரம்பித்தார்.

"அக்கா, அத்தான் ஆண்டவர்கிட்ட போயாச்சு. பின்ன எதுக்கு இந்தப் பூசை? போகலைன்னே வச்சுக்கோ, பூசை வச்சா மட்டும் ஆயிடுமா? ஒரேதரம் மரிப்பதும் பின்பு நியாயத்தீர்ப்படைவதும்னு எபிரெயர்ல எழுதியிருக்கா இல்லியா?"

பக்கத்து இலைகளில் கை நின்றுவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் எழுந்து நின்றேன். அம்மா சாம்பார் வாளியோடு அங்கேயே நின்று பதில் சொன்னார்: "அவரு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாது தம்பி. ஒனக்குத் தெரிஞ்சா நல்லது. எனக்குத் தெரியாததுனாலதான் கேக்கேன்." சொல்லிவிட்டு அவர் இலையில் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

இதை எங்கே சொன்னாலும் யாராவது வந்து "உணர்ச்சி வேறு, உபதேசம் வேறு" என்பார்கள். சரி, உபதேசத்துக்கே வருகிறேன்.

மாமா பக்கத்து நியாயம் லேசானதல்ல. சிலுவையில் கிறிஸ்து கடனை முழுசாகத் தீர்த்துவிட்டார் என்றால், செத்த பிறகு தீர்க்க என்ன மிச்சம்? பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு "இன்றைக்கே" பரதீசு கிடைத்தது. லாசரு கதையில் அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் நடுவே யாரும் தாண்ட முடியாத பெரும்பிளப்பு. நடுவில் மூன்றாவது இடம் எங்கே என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

எங்கள் பக்கம் காட்டுவது 2 மக்கபேயர் 12ஆம் அதிகாரம். போரில் செத்த வீரர்களின் உடைக்குள் விக்கிரகத் தாயத்துகள் இருந்தன. யூதா மக்கபே படையிடம் 2,000 திராக்மா வெள்ளி வசூலித்து, அவர்களுடைய பாவத்துக்குப் பலி கொடுக்க எருசலேமுக்கு அனுப்பினார். ஆனால் உங்கள் கையில் இருக்கும் 66 புத்தக வேதாகமத்தில் மக்கபேயரே கிடையாது, எங்கள் 73இல்தான் உண்டு. ஆகவே பைபிளில் இருக்கிறதா இல்லையா என்பதற்கு எந்த பைபிள் என்று முதலில் கேட்க வேண்டும். இரண்டு பைபிளிலும் இருக்கிற 1 கொரிந்தியர் 3இல் வேலைப்பாடு எரிந்துபோனாலும் ஆள் "அக்கினியிலகப்பட்டுத் தப்பினதுபோல" இரட்சிக்கப்படுவான் என்று பவுல் எழுதுகிறார். அது இதைத்தான் சொல்கிறதா என்பதில் இன்றைக்கும் சண்டை.

மாமா கேட்ட "போகலைன்னே வச்சுக்கோ"வுக்குத் திருச்சபையின் பதில் ஒன்று உண்டு. அன்றைக்குப் பந்தியில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உத்தரிக்கிற ஸ்தலம் நரகத்துக்கும் மோட்சத்துக்கும் நடுவில் இருக்கும் வெயிட்டிங் ரூம் கிடையாது. அங்கே இருக்கிற அத்தனை பேரும் இரட்சிக்கப்பட்டவர்கள், ஒருத்தர்கூட அங்கிருந்து நரகத்துக்குப் போக மாட்டார்கள். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1563இல் தீர்மானமாகச் சொன்னது இரண்டே விஷயம்: அப்படி ஒரு சுத்திகரிப்பு உண்டு, அதில் இருப்பவர்களுக்கு நம் வேண்டுதலும், முக்கியமாகப் பூசையும் உதவும். எவ்வளவு சூடு, எத்தனை வருஷம் என்பதெல்லாம் பாட்டிமார் சேர்த்தது. 1999இல் இரண்டாம் யோவான் பவுல், அது ஓர் இடத்தைக் குறிப்பதல்ல, ஒரு நிலையைக் குறிப்பது என்று பேசினார். 2007இல் 16ஆம் பெனடிக்ட், அந்த நெருப்பே கிறிஸ்துதான் என்று சில இறையியலாளர்கள் சொல்வதை எடுத்து எழுதினார்.

அதே திரெந்து தீர்மானத்தில் இன்னொரு வரியும் உண்டு, எங்கள் ஆட்கள் அதை வாசிப்பதே இல்லை: இதில் இழிவான ஆதாயத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. ஏனென்றால் சண்டை வெடித்ததே காசில்தான். ரோமில் பேதுரு பேராலயம் கட்டப் பணம் திரட்ட டெட்சல் என்ற சாமியார், பாவத்துக்கான தண்டனையைக் குறைக்கும் என்று பலன் சீட்டு விற்றதும், 1517இல் லூத்தர் 95 கருத்துகளை எழுதியதும் எல்லாருக்கும் தெரியும். அந்த லூத்தரே 1528இல் என்ன எழுதினார் தெரியுமா? "இந்த ஆத்துமா உம் இரக்கத்துக்கு எட்டுகிற நிலையில் இருந்தால் இரங்கும்" என்று தனியாக ஓரிரு முறை வேண்டிக்கொள்வது பாவமில்லை என்று. பிறகு 1530இல் உத்தரிக்கிற ஸ்தலத்தையே மறுத்து எழுதினார், அதையும் மறைக்கவில்லை. இங்கிலாந்துத் திருச்சபைக்கு 1549இல் வந்த ஜெபப் புத்தகத்தில் இறந்தவர்களுக்கான வேண்டுதல் இருந்தது, 1552இல் எடுத்துவிட்டார்கள். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளோ உத்தரிக்கிற ஸ்தலம் என்ற உபதேசத்தை ஏற்பதில்லை. ஆனால் மூன்றாம் நாள், ஒன்பதாம் நாள், நாற்பதாம் நாள் என்று இறந்தவர்களுக்காக விடாமல் ஜெபிக்கிறார்கள். அதாவது ஸ்தலம் வேறு, ஜெபம் வேறு. ஒன்றை மறுத்தால் மற்றதும் போயிற்று என்று இரண்டு பக்கமும் கட்டிப் பேசுவதில்தான் பாதிக் குழப்பம்.

இவர்கள் எல்லாருக்கும் முந்தியவர் மோனிக்கம்மாள். 387இல் ஓஸ்தியாவில் சாகும்போது, என் உடம்பை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும் என்று பிள்ளைகளிடம் கேட்டார். எழுதிவைத்தவர் மகன் அகுஸ்தினார். அவரை நீங்களும் மதிக்கிறீர்கள், நாங்களும் மதிக்கிறோம்.

காசு என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சிலுவை தவிர மேடை கட்டக் கூடாது, இடம் போதாது என்று விதி. அப்பாவுக்கு ஒரு சிமெண்ட் மேடை கட்ட விண்ணப்பம் கொடுத்து, அதற்கு நன்கொடை ரசீதும் வாங்கிக்கொண்டு அலைந்தேன். முடியாது என்றார்கள். அடுத்த கல்லறைத் திருநாளுக்குள் நிர்வாகத்தில் ஒருவருடைய குடும்பத்துக்குக் கறுப்பு கிரானைட்டில், இடுப்பு உயரத்துக்கு, கைப்பிடிக் கம்பியோடு மேடை எழும்பிவிட்டது. நவம்பர் 2 சாயங்காலம் அதன்மேல்தான் மைக் செட்காரன் ஆம்ப்ளிஃபயரை வைத்திருந்தான். என் நன்கொடையை இன்னும் திருப்பித் தரவில்லை. உத்தரிப்பு பற்றி லூத்தர்காரர்கள் கேட்பதைவிட இந்தக் கேள்விக்குத்தான் எங்கள் ஆட்களால் பதில் சொல்ல முடியாது. போகட்டும்.

அம்மாவின் ஜெபமாலைப் பையில் ஒரு பழைய டைரித் தாள் இருக்கும். மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டியது. அதில் பெயர்கள்: தாத்தா, பெரியப்பா, பிறந்து ஒரே வாரத்தில் இறந்த என் அக்கா, பக்கத்து வீட்டு நாடாச்சி, அப்புறம் அம்மாவைப் பெற்ற பாட்டி. கடைசி வரி, பேனா மாற்றி எழுதியது: "ஆரும் நினையாத ஆத்துமாக்கள்". பாட்டி சாகும்வரை சி.எஸ்.ஐ. அவரை அம்மா ஆர்.சி. ஜெபமாலையில் இழுத்துப் போட்டிருக்கிறார் என்று மாமாவுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெயரை மட்டும் எடு என்று அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவரும் வருஷா வருஷம் பாட்டிக்குப் பேப்பரில் நினைவஞ்சலி போடுகிறார், கல்லறையில் நின்று "அம்மா, சின்னவனுக்கு வேலை கெடச்சிருக்கு" என்கிறார். கேட்டால் "நான் கர்த்தருக்கு நன்றி சொல்லத்தான் போனேன், அம்மாவுக்காக எதையும் கேட்கவில்லை" என்பார். நன்றி சொல்வதற்கும் வேண்டுவதற்கும் நடுவே அவர்கள் போட்டிருக்கும் கோடு உண்மையானது, அதை நான் கிண்டல் செய்யவில்லை. எங்கள் ஆட்களும் அவரை மட்டம் தட்ட வேண்டாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பூசைக்குப் போங்கள், உட்காருங்கள். மனசு ஒப்பாத ஜெபத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம், முழந்தாளிட வேண்டிய கட்டாயமும் இல்லை. நற்கருணை வாங்க மட்டும் வரிசையில் நிற்காதீர்கள், பிற சபையாருக்கு அங்கே கொடுப்பதில்லை. விஷயம் தெரியாமல் போய்க் கை நீட்டிச் சங்கடப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பூசைக்குக் காணிக்கை கேட்டால் உங்கள் வீட்டுக்காரர் கொடுக்கட்டும். கையில் இல்லையென்றாலும் பூசை கிடைக்கும். காணிக்கை இல்லாவிட்டாலும் ஏழைகள் கேட்கும் வேண்டுதலுக்காகப் பூசை வைக்கும்படி திருச்சபைச் சட்டமே குருக்களைக் கேட்டுக்கொள்கிறது. பந்தியில் மட்டும் மாமா சொன்ன அந்த எபிரெயர் 9:27 வேண்டாம். உங்கள் மாமியாருக்கு அன்றைக்குச் சாம்பார் வாளி இருக்காது, அழத்தான் வரும்.