வாசகர் கேள்வி பதில்: கணப்பு முகப்பு அசலா, நகலா?

கே: காயலான் கடையில் பூவேலை செய்த வார்ப்பிரும்புக் கணப்பு முகப்பு (குளிர்காயத் தீ மூட்டும் சுவர் அடுப்பின் முன்சட்டம்) ஒன்று வாங்கினேன். ஊட்டி பங்களாவில் இருந்ததாம். 19-ம் நூற்றாண்டு மாதிரிப் புத்தகத்தில் அதே படம் இருக்கிறது. பின்புறம் டைமண்ட் முத்திரையும் (பிரிட்டனில் வடிவத்தைப் பதிவு செய்ததற்கான அடையாளம்) உண்டு. அசல்தானே? துருவை எப்படி எடுப்பது?
– வாசகர், ராயபுரம்

ப: படத்தையும் முத்திரையையும் மட்டும் நம்பாதீர்கள். கேரன், கோல்புரூக்டேல் போன்ற பிரிட்டிஷ் வார்ப்பாலைகள் எண்ணும் அளவும் போட்டு அச்சிட்ட படங்கள் அவை. பழைய முகப்பையே மணலில் பதித்து நகல் வார்ப்பவர்கள் இன்றும் உண்டு. முத்திரையும் கூடவே பதிந்துவிடும்.

ஸ்கேலை எடுங்கள். வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு சுமார் 1/8 அங்குலம் சுருங்கும். மர அச்சு செதுக்குபவர் அதைக் கணக்கிட்டுப் பெரிதாகவே செதுக்குவார். பழைய வார்ப்பிலிருந்து எடுத்த நகலுக்கு அந்தக் கூடுதல் கிடையாது. அதனால் புத்தகத்தில் 36 அங்குலம் என்றிருப்பது 3/8 அங்குலம் குறைந்து நிற்கும். பக்கவாட்டில் டைல் பதிக்கும் வகையா? 6 அங்குல டைல் ஐந்தை வரிசையாகச் செருகிப் பாருங்கள். நகலில் ஐந்தாவது உட்காராது. இலை நரம்புகளும் மழுங்கியிருக்கும். ஆனால் பெயின்ட் அப்பியிருந்தாலும் அப்படித்தான் தெரியும், எனவே சுரண்டிய பிறகு பாருங்கள்.

முத்திரை தெளிவாக இருந்தால்: உச்சி வட்டத்தில் ரோமன் எண் ஒன்று (I) என்றால் உலோகப் பொருள். ஆண்டைக் குறிக்கும் எழுத்து மேல் முனையில் இருந்தால் 1842-67, வலது முனையில் இருந்தால் 1868-83. அது வடிவத்தைப் பதிவு செய்த ஆண்டுதான், வார்த்த ஆண்டல்ல.

இனி துரு. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காமல் பெயின்ட் ரிமூவர் பூசி, மாஸ்க் போட்டுச் சுரண்டுங்கள். துருவைக் கம்பி பிரஷால் எடுங்கள். ஆசிட் வேண்டவே வேண்டாம். நுண்துளைகளில் தங்கிப் பூச்சுக்கு அடியில் மறுபடி துருவாக்கும். கழுவ உப்பு ஏறிய போர் தண்ணீர் வேண்டாம், மெட்ரோ தண்ணீர் போதும். துடைத்ததும் ஹேர் டிரையரால் சூடேற்றி, அன்றைக்கே கிராஃபைட் பாலிஷ் தேய்த்துவிடுங்கள். உங்கள் ஏரியாவின் கடற்காற்றில் வெற்று இரும்பு ஓரிரவு தாங்காது.

கே: வார்ப்பிரும்பு முகப்பில் உள்ள விரிசலுக்கு வெல்டிங் வைக்கலாமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

ப: சாதாரண ராடு வேண்டாம், ஓரம் இறுகிப் பக்கத்திலேயே பிளக்கும். நிக்கல் ராடு வைத்திருக்கும் பட்டறையைத் தேடுங்கள். சுவரில் அழகுக்கு மாட்டுவதென்றால் பின்னால் பட்டை இரும்பு வைத்து போல்ட் போட்டாலே போதும்.