உங்கள் கணினியில் ஓடுது, நண்பர் கணினியில் ஏன் ஹேங் ஆகுது?

இந்த முறை கோடோ, யூனிட்டி, அன்ரியல் போன்ற கேம் என்ஜின் (கேம் உருவாக்கும் மென்பொருள்) கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். எல்லாமே கேரள எல்லையோர ஊர்களிலிருந்து வந்தவை. கேள்விகள் வேறு வேறு, ஆனால் கிட்டத்தட்ட எல்லாரும் ஒரு வரியை மட்டும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள்: "சர்வீஸ் கடையில ஃபார்மேட் போடச் சொல்றாங்க." போடாதீர்கள். இதைப் படித்து முடிக்கும் வரையாவது போடாதீர்கள்.

கேள்வி: அண்ணாச்சி, நானும் நண்பனும் சேர்ந்து கோடோ 4-ல் ஒரு ரயில் கேம் செய்கிறோம். செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் மலைப்பாதைதான் களம், பதிமூன்று கண் பாலம் எல்லாம் வைத்திருக்கிறோம். என் கணினியில் நன்றாக ஓடுகிறது. நண்பன் ஆரியங்காவில் இருக்கிறான், அவன் லேப்டாப்பில் புராஜெக்டைத் திறந்தாலே அப்படியே உறைந்துவிடுகிறது. ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ3 சிப், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. பென் டிரைவில்தான் புராஜெக்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.
– செங்கோட்டை வாசகர்

தம்பி, முதலில் அது உண்மையிலேயே உறைந்துதான் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு ஜன்னல் 5 விநாடிக்குப் பதில் சொல்லாவிட்டாலே விண்டோஸ் அதன் தலையில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதிவிடும், உள்ளே வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தாலும் எழுதும். புராஜெக்டை முதன்முதலாகத் திறக்கும்போது கோடோ எல்லாப் படங்களையும் மாடல்களையும் தனக்குத் தேவையான வடிவத்துக்கு மாற்றி வைக்கும், ஷேடர்களையும் (திரையில் நிறமும் வெளிச்சமும் தீட்டும் சிறு நிரல்கள்) அந்தக் கணினியின் கிராபிக்ஸுக்கு ஏற்றபடி கம்பைல் செய்யும், அதாவது ஓடும் வடிவத்துக்கு மாற்றும். பழைய ஐ3-ல் இதற்கு நல்ல நேரம் பிடிக்கும், அதுவும் நண்பர் பென் டிரைவிலிருந்தே நேராகத் திறக்கிறார் என்றால் கேட்கவே வேண்டாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிபியு, டிஸ்க் எண்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வரட்டும். எல்லாம் பூஜ்யத்தில் படுத்துக்கிடந்தால், அல்லது ஒரு எண் மட்டும் அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் அதுதான் ஹேங்.

அப்புறம், புராஜெக்டை லேப்டாப்பின் டிஸ்குக்கு நகலெடுத்துவிட்டுத் திறக்கணும். நகலெடுக்கும்போது புள்ளியில் தொடங்கும் கோடோ என்ற மறைவான ஃபோல்டரைத் தவிர்த்துவிடுங்கள். உங்கள் கணினி தனக்காகச் செய்து வைத்துக்கொண்ட தற்காலிகச் சரக்கு அது. அவன் கணினி தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும்.

இதற்குப் பிறகும் நின்றால் ஒரே ஒரு சோதனை போதும். அவன் லேப்டாப்பில் புதிதாக ஒரு காலிப் புராஜெக்ட் உண்டாக்கித் திறக்கச் சொல்லுங்கள். அதுவும் உறைந்தால் கோளாறு கணினியில், அது திறந்தால் கோளாறு உங்கள் ரயிலில். இந்த ஒன்றைச் செய்யாமல் கிராபிக்ஸ் டிரைவர் மென்பொருளை மாற்றி, என்ஜினை மாற்றி, விண்டோஸையே மாற்றி அலைகிறவர்கள்தான் அதிகம்.

காலிப் புராஜெக்டே உறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 2023 மார்ச்சில் கோடோ 4.0 வந்தபோது படம் வரையும் வேலையை வல்கன் என்ற புதிய வழிக்கு மாற்றிவிட்டார்கள். இன்டெல்லின் உள் கிராபிக்ஸில் விண்டோஸில் வல்கன் முறையாகக் கிடைப்பது ஆறாம் தலைமுறையிலிருந்துதான். அதற்கு முந்தைய கணினியாக இருந்தால் 'உன் கார்டில் வல்கன் இல்லை' என்று கோடோ நேராகவே சொல்லிவிடும், அல்லது புதிய பதிப்பானால் தானே வேறு வழிக்கு மாறிக்கொள்ளும், பிரச்சினை இல்லை. ஆறாம் தலைமுறைதான் இரண்டுங்கெட்டான். வல்கன் இருக்கிறது என்று டிரைவர் சொல்லும், ஆனால் லேப்டாப் வாங்கிய நாளில் போட்ட அந்தப் பழைய டிரைவர் பாதி வழியில் காலை வாரிவிடும். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் பெரும்பாலும் பழையதுதான் கிடக்கும். இன்டெல்லின் தளத்திலேயே அந்த கிராபிக்ஸுக்கான கடைசி டிரைவரை எடுத்துப் போடச் சொல்லுங்கள்.

உறையும்போது திரை ஒரு நொடி கறுத்துவிட்டுத் திரும்பி வருகிறதா என்றும் கேளுங்கள். கிராபிக்ஸ் 2 விநாடிக்குமேல் பதில் சொல்லாமல் இருந்தால் விண்டோஸே அதை உலுக்கி மறுபடி எழுப்பும். எழுப்பியதைத் தன் பதிவேடான ஈவென்ட் வியூவரில் டிஸ்ப்ளே என்ற பெயரில் 4101 என்ற எண்ணோடு குறித்தும் வைக்கும். அந்த எண் அங்கே இருந்தால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை, சிக்கல் கிராபிக்ஸ் பக்கம்தான்.

காலிப் புராஜெக்ட் திறக்கிறது, உங்கள் ரயில் மட்டும்தான் திறக்கவில்லை என்றால்? மலைப்பாதை என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் மூடுபனி இல்லாமல் இருக்காது. வால்யூமெட்ரிக் ஃபாக் (வெளிச்சம் ஊடுருவித் திரண்டு தெரியும் மூடுபனி) போட்டிருக்கிறீர்களா, எஸ்டிஎஃப்ஜிஐ வெளிச்சத்தை (பொருள்களில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சக் கணக்கு) ஆன் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டும் தனி கிராபிக்ஸ் கார்டு உள்ளவர்களுக்கான ஆடம்பரம், உள் கிராபிக்ஸ் மட்டும் உள்ள ஐ3-ஐ முழங்கால் போட வைக்க இவையே போதும். உங்கள் கணினியில் எடிட்டரின் வலது மேல் மூலையில் ஃபார்வர்ட் பிளஸ் என்று படம் வரையும் முறையின் பெயர் இருக்கும். அதைச் சொடுக்கிக் காம்பாட்டிபிலிட்டிக்கு மாற்றிச் சேமித்து, அதையே அவனுக்கு அனுப்புங்கள். அது பழைய ஓபன்ஜிஎல் வழி, மூன்றாம் தலைமுறை இன்டெல்லில்கூட ஓடும். இந்த வழியில் அந்த இரண்டு ஆடம்பரமும் வேலை செய்யாது. ஆனால் தூரத்தைப் பொறுத்து மங்கலாக்கும் சாதாரண மூடுபனி வேலை செய்யும், ஆரியங்காவு மழைக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. கேம் முடிந்து ஆட வருகிறவர்களிடமும் பெரும்பாலும் இப்படிப்பட்ட லேப்டாப்தான் இருக்கப்போகிறது, அதனால் அவன் கணினியையே உங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், பள்ளியில் லினக்ஸ் லேப்டாப்பில் கோடோ பழகினேன். வீட்டில் விண்டோஸில் போட்டால் கூடவே ஒரு கறுப்பு ஜன்னலும் திறக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று எடிட்டர் நின்றுவிடும். எப்போது நிற்கும் என்றே சொல்ல முடியவில்லை.
– கொழிஞ்சாம்பாறை மாணவி, பாலக்காடு மாவட்டம்

அந்தக் கறுப்பு ஜன்னலுக்குள் மவுஸ் சொடுக்குப் படும்போது நிற்கும். அங்கே சொடுக்கினால், ஏதோ எழுத்தைத் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள் என்று நினைத்து விண்டோஸ் அந்த நிரலையே நிறுத்தி வைத்துவிடுகிறது. இது கோடோவின் கோளாறு இல்லை. கறுப்பு ஜன்னலைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டுங்கள், விட்ட இடத்திலிருந்து ஓடும். பள்ளி லினக்ஸில் இந்தப் பழக்கம் கிடையாது, அதனால்தான் அங்கே நீங்கள் இதைப் பார்த்ததில்லை. கோடோவை இறக்கும்போது ஜிப்புக்குள் இரண்டு கோப்பு இருக்கும், பெயரில் கன்சோல் என்று இல்லாததைத் திறந்தால் கறுப்பு ஜன்னலே வராது.

கேள்வி: அண்ணே, யூனிட்டியில் ஜீப் கேம். கம்பத்திலிருந்து குமுளிக்கு மலை ஏறுகிற மாதிரி. ஜீப் எந்த வழியாகப் போய் நிற்கும் என்று முன்கூட்டியே புள்ளிக்கோடு வரைந்து காட்டுகிறேன். அதற்கு ஒரு வைல் லூப் (நிபந்தனை பொருந்தும் வரை திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை): இலக்குக்கும் புள்ளிக்கும் இடையே 0.1-க்கு மேல் தூரம் இருக்கும் வரை, வேகத்தை டெல்டாடைமால் பெருக்கி ஒரு அடி இலக்கை நோக்கி நகர்த்து. வேகம் 6. என் கணினியில் ஒரு பிரச்சினையும் இல்லை. மாமா பையன் லேப்டாப்பில் பிளே கொடுத்தால் சில நேரம் யூனிட்டியே செத்துவிடுகிறது. அவன் லேப்டாப் டப்பா என்கிறேன், அவன் என் நிரல் டப்பா என்கிறான். யார் சொல்வது சரி?
– கம்பம் வாசகர்

மாமா பையன் சொல்வதுதான் சரி. லூப்பையும் எழுதி அனுப்பியதற்கு நன்றி, இல்லாவிட்டால் நானும் அவன் லேப்டாப்பைத்தான் திட்டியிருப்பேன்.

டெல்டாடைம் என்பது போன ஃபிரேமுக்கு, அதாவது திரையில் ஒரு படம் வரைய, எவ்வளவு நேரம் பிடித்தது என்ற கணக்கு. உங்கள் கணினியில் விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் அது 60-ல் ஒரு பங்கு விநாடி. வேகம் 6-ஆல் பெருக்கினால் ஒரு அடி 0.1. இலக்குக்குப் பக்கத்தில் 0.1-க்குள் எப்படியும் ஒரு புள்ளி விழுந்துவிடும், லூப் முடிந்துவிடும். அவன் லேப்டாப்பில் 15 ஃபிரேம்தான் வருகிறது என்று வையுங்கள். ஒரு அடி 0.4. இலக்குக்கு 0.2 தூரத்தில் புள்ளி இருக்கிறது, அடுத்த அடி வைத்தால் இலக்கைத் தாண்டி அந்தப் பக்கம் 0.2-ல் விழும். மறுபடி திரும்பி ஒரு அடி, இந்தப் பக்கம் 0.2. அவ்வளவுதான், காலம் முழுக்க அங்கேயும் இங்கேயும் தாண்டிக்கொண்டே இருக்கும், 0.1-க்குள் வரவே வராது. லூப் ஓடும்போது அடுத்த ஃபிரேம் வராது, அதனால் டெல்டாடைமும் மாறாது. எடிட்டரும் உங்கள் நிரலும் ஒரே திரெட்டில் (ஒரே வேலை வரிசையில்) ஓடுவதால் எடிட்டரும் சேர்ந்து நிற்கும், ஸ்டாப் பட்டனை அமுக்கினாலும் அதைக் கேட்க ஆள் இருக்காது. 'சில நேரம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் இதனால்தான். மிச்ச தூரம் எவ்வளவு வருகிறது என்பதைப் பொறுத்து சில இலக்குக்கு லூப் முடியும், சிலதற்கு முடியாது.

திருத்துவது சுலபம். புள்ளியை நகர்த்த வெக்டார்3-ல் இருக்கும் மூவ்டுவர்ட்ஸைப் பயன்படுத்துங்கள், அது இலக்கைத் தாண்டாது. முன்கணிப்புக்கு டெல்டாடைமே கூடாது, 0.02 மாதிரி ஒரு நிலையான அளவு வையுங்கள், அப்போதுதான் எல்லாக் கணினியிலும் ஒரே கோடு வரும். கூடவே ஆயிரம் சுற்றுக்குமேல் போனால் வெளியே வந்துவிடு என்று ஒரு எண்ணிக்கையும் போட்டு வைப்பது நல்லது. எந்த வைல் லூப்புக்கும் நான் இதைப் போடாமல் விடுவதில்லை.

இனி எப்போதாவது இப்படி நின்றால் உடனே டாஸ்க் மேனேஜரில் போய்க் கொல்லாதீர்கள். நிரல் எழுதும் விஷுவல் ஸ்டூடியோவை யூனிட்டியோடு இணைத்து பிரேக் ஆல் கொடுத்தால் எந்த வரியில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று காட்டிவிடும். கொன்றே தீர வேண்டும் என்றால், அதன்பின் யூனிட்டியை மறுபடி திறப்பதற்கு *முன்னால்* புராஜெக்டின் டெம்ப் ஃபோல்டருக்குள் பேக்கப்சீன்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். பிளே கொடுத்த நேரத்தில் இருந்த சீன் (கேமின் காட்சிக் கோப்பு) அதற்குள் பேக்கப் என்ற பின்னொட்டோடு இருக்கும். அதை வெளியே நகலெடுத்து, பின்னொட்டை யூனிட்டி என்று மாற்றினால் சேமிக்காமல் விட்ட வேலை திரும்பக் கிடைக்கும். திறந்துவிட்டால் அந்த ஃபோல்டர் காலி, அப்புறம் அழுது பயனில்லை.

கேள்வி: 14-ஆம் தலைமுறை ஐ9, 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு போட்டு அசெம்பிள் செய்த சிஸ்டம். திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் வாங்கினேன். அன்ரியல் 5-ல் ஷேடர் கம்பைல் ஆகும்போது நின்றுவிடுகிறது, சில நேரம் 'வீடியோ மெமரி போதவில்லை' என்கிறது. 12 ஜிபி போதாதா? கிராபிக்ஸ் கார்டை மாற்றச் சொல்கிறார் கடைக்காரர்.
– களியக்காவிளை வாசகர்

கார்டை மாற்றிப் பணத்தைக் கொட்டாதீர்கள், சந்தேகப்பட வேண்டியது ஐ9 சிப்பை. 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில் சிலவற்றுக்குத் தேவைக்குமேல் மின்னழுத்தம் போய், நாளாக ஆக சிப்பே பழுதாகிறது என்று 2024-ல் இன்டெல்லே ஒத்துக்கொண்டது. ஷேடர் கம்பைல் என்பது சிப்பின் எல்லாக் கோர்களையும் (கணக்குப் போடும் பகுதிகள்) முழு மூச்சில் ஓட்டுகிற வேலை, கூடவே சுருக்கி வைத்த தரவை விரிக்கிற வேலையும் நடக்கும். பழுதான சிப் தப்பாகக் கணக்குப் போடும், அன்ரியல் அந்தத் தப்பை 'வீடியோ மெமரி போதவில்லை' என்று மொழிபெயர்த்துச் சொல்லும். பல பேர் நல்ல கார்டைக் கழற்றிக் கொடுத்தது இந்த ஒரு வாசகத்தை நம்பித்தான்.

மதர்போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்குப் புதிய பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) இருக்கும், அதில் இன்டெல்லின் திருத்தம் சேர்ந்திருக்கும். 2024 ஆகஸ்டில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று, 2025-ல் இன்னொன்று என்று வந்தன, அதனால் கடைசியாக உள்ளதையே போடுங்கள். ஆனால் ஏற்கெனவே பழுதான சிப்பை பயாஸ் குணப்படுத்தாது, மேற்கொண்டு பழுதாகாமல்தான் காக்கும். சோதிக்க ஒரு வழி: பயாஸில் கோர்களின் அதிகபட்ச வேகத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு அதே புராஜெக்டைத் திறங்கள். ஒழுங்காகத் திறந்தால் சிப்தான் குற்றவாளி, மாற்றியே ஆகணும்.

பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை இன்டெல் 2 ஆண்டு நீட்டித்திருக்கிறது, பெட்டியோடு வாங்கிய சிப்புக்கு மொத்தம் 5 ஆண்டு. பெட்டி இல்லாமல் வந்த சிப்பென்றால் விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். எல்லை தாண்டி வாங்கியதால் வாரண்டி போய்விடாது, ஆனால் பில் வேண்டும். 'பில் இல்லாமல்னா குறைச்சுத் தரேன்' கணக்கில் வாங்கியிருந்தால் அந்தக் கடைக்காரரிடமே போய் நிற்பதைத் தவிர வழி குறைவு. எப்படியும் பயாஸை முதலில் போடுங்கள், ஆனால் மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வருகிற சாயங்காலத்தில் போடாதீர்கள், யுபிஎஸ் இருந்தால் அதில் மாட்டிவிட்டுச் செய்யுங்கள். பாதியில் நின்றால் சிப்போடு மதர்போர்டுக்கும் சேர்த்துச் செலவு வைக்கும்.