வயிறு நிறைகிறது, எடை ஏறவில்லை: என்ன சாப்பிடுவது?

கேள்வி: எனக்கு வயது 23. உயரம் 170 செ.மீ., எடை 52 கிலோ. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நண்பர்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஆறு மாதமாக வாரம் நான்கு நாள் ஜிம்முக்குப் போகிறேன். கை, தோள் எதுவும் ஏறவில்லை. எடையும் அப்படியே நிற்கிறது. காலையில் 4 இட்லி, மதியம் கேன்டீனில் சாப்பாடு, இரவு 3 தோசை, நடுவில் மூன்று டீ. சாயங்காலம் வடையோ பிஸ்கட்டோ உண்டு. ஞாயிறு மட்டும் பிரியாணி. இதற்கு மேல் வயிற்றில் இடமில்லை. எடை ஏற்றும் பவுடரான மாஸ் கெய்னர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? சம்பளத்தில் வீட்டுக்கும் அனுப்ப வேண்டும். அறையில் மின் அடுப்பும் சின்ன மிக்ஸியும் இருக்கின்றன.

பதில்: மாஸ் கெய்னர் வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை முட்டைக்கும் பாலுக்கும் வேர்க்கடலைக்கும் செலவழித்தாலே போதும். ஏன் என்று கணக்கோடு பார்ப்போம்.

நான்கு இட்லி, சாம்பார், சட்னி சேர்த்துச் சுமார் 340 கலோரி. மதியம் 350 கிராம் சாதம் சாப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் குழம்பு, பொரியல், தயிர் எல்லாம் சேர்த்து 700. மூன்று தோசையும் சட்னியும் 500. மூன்று டீ 240. வடை அல்லது பிஸ்கட் 150. ஆக மொத்தம் 1,930. ஞாயிறு பிரியாணியையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் 2,000-ஐ ஒட்டி வரும். உங்கள் வயது, உயரம், எடையை வைத்து உடலின் அன்றாடச் செலவைக் கணக்கிட்டாலும் ஏறக்குறைய அதே எண்தான் கிடைக்கிறது. வரவும் செலவும் சமம். ஆறு மாதமாக எடை முள் நகராததற்குக் காரணம் இதுதான். புரதம் இன்னும் மோசம்: இந்த உணவில் நாளுக்கு 48 கிராம் அளவுதான் தேறும். தசை வளர்க்க எடைப் பயிற்சி செய்பவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வேண்டும். 52 கிலோவுக்கு அது 83 கிராம்.

ஆக, நாளுக்கு 400 முதல் 550 கலோரியும், 35 கிராம் புரதமும் கூட வேண்டும். வயிற்றில் இடமில்லை என்கிறீர்கள். அது உண்மைதான். நம் சாப்பாட்டில் பெரும்பகுதி தண்ணீர். வெந்த சாதத்திலேயே மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். அதன் மேல் சாம்பார், ரசம், மோர். 100 கிராம் சாதத்தில் 130 கலோரிதான். 30 கிராம் வேர்க்கடலையில், அதாவது ஒரு கைப்பிடியில், 170 கலோரி இருக்கிறது. அதே 170 கலோரிக்கு இன்னும் 130 கிராம் சாதம் சாப்பிட வேண்டும். எனவே தட்டில் அளவைக் கூட்ட முயல வேண்டாம். வேளைகளுக்கு நடுவே, இடத்தை அடைக்காத அடர்த்தியான உணவைச் சேருங்கள்.

அதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் உடல் நிறை குறியீடு 18.0, குறைந்தபட்ச அளவான 18.5-க்கும் கீழே இருக்கிறீர்கள். சின்ன வயதிலிருந்தே ஒல்லியாக இருந்து, எடை மாறாமல் இருந்தால் பயமில்லை. ஆனால் முன்பு 56, 57 கிலோ இருந்து தானாகக் குறைந்திருந்தால் உணவை மாற்றுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை அவசியம். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால் ரத்தச் சர்க்கரை. கை நடுக்கம், படபடப்பு, வெயில் தாங்காமை என்றால் தைராய்டு. அடிக்கடி வயிற்றுப்போக்கு என்றால் குடல். இந்தக் காரணங்கள் இருக்கும்போது எவ்வளவு சாப்பிட்டாலும் எடை பிடிக்காது.

மூன்று மாற்றங்கள்

ஒரே நாளில் எல்லாவற்றையும் தொடங்காதீர்கள். வயிறு உப்பி, நாலாம் நாள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவீர்கள். பலரும் தோற்பது இங்கேதான். ஒரு வாரத்துக்கு ஒன்று என்று சேருங்கள்.

முதல் வாரம், மாலை டீயையும் வடையையும் நிறுத்திவிட்டு, பால் கலவை ஒன்று. இதற்கு ஒரு பொடி செய்து வையுங்கள்: பொட்டுக்கடலை 250 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 100 கிராம், வெடிக்கும் வரை வறுத்த எள் 50 கிராம், ஏலக்காய் நான்கு. எல்லாம் நன்றாக ஆறிய பிறகே மிக்ஸியில் போட வேண்டும். தொடர்ந்து ஓட விடாமல் விட்டு விட்டுச் சுற்றுங்கள். சூடாக அரைத்தாலோ ஒரே மூச்சில் ஓட்டினாலோ கடலையும் எள்ளும் எண்ணெய் விட்டு, பொடி கட்டியாகிவிடும். ஈரமில்லாத டப்பாவில் இரண்டு வாரம் தாங்கும். அதற்கு மேல் சிக்கு வாடை வரும், அப்போது பயன்படுத்த வேண்டாம்.

காய்ச்சி ஆறிய பால் 300 மில்லி, வாழைப்பழம் ஒன்று, இந்தப் பொடி 30 கிராம். சேர்த்து அடித்தால் 490 கலோரி, 17 கிராம் புரதம். 30 கிராம் என்பது வழித்த நான்கு மேசைக்கரண்டி அளவு வரும். முதல் தடவை மளிகைக்கடைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்துக்கொண்டால் பிறகு கண் அளவு போதும். பாலில் நிறம் பார்த்து வாங்குங்கள். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3. அதே 300 மில்லிக்கு ஒன்றில் 260 கலோரி, இன்னொன்றில் 175. புரதத்தில் வித்தியாசம் இல்லை. உங்களுக்கு ஆரஞ்சுதான் சரி. பால் குடித்தால் வயிறு இரைகிறது, கலக்குகிறது என்றால் 100 மில்லியில் தொடங்குங்கள். அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் அதே அளவு கெட்டித் தயிரில் அடித்துக் குடிக்கலாம். ஜிம்முக்குப் போகும் முன் குடிப்பதானால் ஒன்றரை மணி நேரம் முன்னதாகக் குடியுங்கள். திரும்பி வந்து குடித்தாலும் பலன் ஒன்றுதான். பயிற்சி முடிந்த அரை மணிக்குள் குடிக்காவிட்டால் வீண் என்பதில் உண்மையில்லை.

இரண்டாம் வாரம், காலை இட்லியோடு இரண்டு அவித்த முட்டை. 150 கலோரி, 12 கிராம் புரதம். மஞ்சள் கருவைத் தூக்கிப் போடச் சொல்லும் ஜிம் ஆலோசனையைக் கேட்காதீர்கள். ஒரு முட்டையின் 75 கலோரியில் 55 மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. புரதத்திலும் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அங்கேதான். எடை கூட வேண்டியவர் அதை எறிவது பணத்தை எறிவது. பச்சை முட்டை குடிக்கும் பழக்கமும் வேண்டாம். வெந்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதம் செரிக்கிறது. பச்சையாகக் குடித்தால் பாதிதான். சால்மொனெல்லா கிருமியின் ஆபத்து வேறு.

மூன்றாம் வாரம், ஷிப்டின் நடு இடைவேளையில் 30 கிராம் வறுத்த வேர்க்கடலை. 170 கலோரி, 7 கிராம் புரதம். சட்டைப் பையில் போகும், குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். கசப்பு அடிக்கும் கடலை, சுருங்கிக் கறுத்த கடலை, பூஞ்சை படிந்தது எதுவானாலும் துப்பிவிடுங்கள். அதில் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கக்கூடும், வறுத்தாலும் முழுதாகப் போகாது.

நிறுத்திய டீ, வடையின் கலோரியைக் கழித்துப் பார்த்தால், மூன்றும் சேர்ந்து 580 கலோரி கூடுகிறது. நாள் கணக்கு 2,600-ஐ ஒட்டி வரும். புரதம் 80-ஐ ஒட்டி வரும். காலை முட்டையைத் தவிர, மூன்று வேளைச் சாப்பாட்டில் நீங்கள் எதையும் மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். கேன்டீனில் முட்டையோ மீனோ கோழியோ கிடைக்கும் நாளில் தவறாமல் வாங்குங்கள். அது கூடுதல் லாபம்.

முட்டை சாப்பிடாதவர்களும் இதே கேள்வியைக் கேட்பதுண்டு. அவர்களுக்கு மலிவான வழி மீல்மேக்கர். உலர்ந்த நிலையில் 25 கிராமில் 13 கிராம் புரதம், இரண்டு முட்டைக்குச் சமம். வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, இறுகப் பிழிந்து, மறுபடி குளிர்ந்த நீரில் அலசிப் பிழிந்தால் பச்சை வாடை போகும். கொண்டைக்கடலைச் சுண்டலும் நல்லது. ஆனால் பட்டியல்களில் 100 கிராமுக்கு 19 கிராம் புரதம் என்று இருப்பது காய்ந்த கடலைக்கு. வெந்தபின் அதே 100 கிராமில் 9 கிராம் கூட இருக்காது, மீதி நீர். இந்தக் கணக்குத் தவறால் போதிய புரதம் எடுப்பதாக நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

இடத்தை அடைப்பவை

சாப்பாட்டுக்குக் கால் மணி முன்னால் டீயோ, ஒரு சொம்புத் தண்ணீரோ, மோரோ குடித்தால் பசி மட்டுப்படும். குடிப்பதைச் சாப்பாட்டுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். ரசத்தைக் கடைசியில் ஊற்றுங்கள். முதலில் பருப்பு, கூட்டு, குழம்பில் கிடக்கும் காய். சிகரெட் பழக்கம் இருந்தால் அதுவும் பசியைக் கொல்லும். எடை ஏறினால் சரி என்று இரவில் பரோட்டாவுக்கு மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கலோரி கிடைக்கும், ஆனால் மைதாவும் எண்ணெயும் சால்னாவும் தரும் புரதம் கொஞ்சம். ஏறுவது தோளில் இருக்காது, இடுப்பில் இருக்கும்.

இரவு ஷிப்ட் வாரத்தில் கடிகாரத்தை மறந்துவிடுங்கள். எழுந்த ஒரு மணிக்குள் முதல் உணவு, பிறகு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒன்று. தூங்கும் நேரம் எப்போதாக இருந்தாலும் ஏழு மணி நேரம் குறையக் கூடாது.

மாஸ் கெய்னர், பவுடர், மாத்திரை

மாஸ் கெய்னர் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் முதல் பொருள் மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்திலிருந்து எடுக்கும், சர்க்கரையைப் போலவே வேகமாக ரத்தத்தில் ஏறும் பொடி. அதில் கொஞ்சம் பால் புரதம், கொஞ்சம் மணம். அரிசிச் சாதம் சாப்பிடும் ஒருவருக்கு மாவுச்சத்துப் பஞ்சம் கிடையாது. வே புரோட்டீன் வேறு விஷயம். அது பாலிலிருந்து பிரித்த புரதம்தான், ஒரு கரண்டிக்கு 24 கிராம் அளவில் இருக்கும். விஷமும் இல்லை, மந்திரமும் இல்லை. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், தசைக்காகப் புரதப் பவுடர்களை நாட வேண்டாம் என்றே சொல்கிறது. உங்கள் தேவை 83 கிராம்; அதை மேலே சொன்ன உணவே ஏறக்குறைய தந்துவிடுகிறது.

மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டியது மாத்திரை பற்றி. "பசி எடுக்கும், ஒரு மாதத்தில் ஐந்து கிலோ ஏறும்" என்று சீட்டில்லாமல் விற்கப்படுபவற்றில் சைப்ரோஹெப்டடினும் டெக்ஸாமெத்தசோனும் இருக்கக்கூடும். முதலாவது தூக்கம் வரவழைக்கும். இயந்திரத்தின் முன் நின்று வேலை செய்பவர் விரலை இழக்க அது போதும். இரண்டாவது ஸ்டீராய்டு. முகமும் வயிறும் நீரும் கொழுப்புமாக ஊதும். ஆனால் தசையைக் கரைக்கும், எலும்பை மெலிய வைக்கும், சர்க்கரையை ஏற்றும். நீண்ட நாள் எடுத்துத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் மாத்திரை அட்டையைக் காட்டுங்கள்.

ஏறுகிறதா என்று பார்ப்பது எப்படி

கூடுதல் உணவு தசையாக வேண்டுமானால் பயிற்சியில் சுமை ஏற வேண்டும். ஆறு மாதமாக அதே 5 கிலோ டம்பெல் என்றால் உடலுக்கு வளரக் காரணமில்லை. ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு பயிற்சியை எல்லாச் சுற்றிலும் 12 தடவை சுத்தமாகச் செய்ய முடிந்தால் அடுத்த முறை எடையைச் சிறிது கூட்டுங்கள். கைக்கு மட்டும் செய்யாமல் கால், முதுகு, மார்பு எல்லாவற்றுக்கும் வாரத்துக்குப் பத்துச் சுற்று வரட்டும்.

எடையைக் காலையில், கழிப்பறை போய் வந்தபின், வெறும் வயிற்றில், வாரம் மூன்று நாள் பார்த்துச் சராசரி எடுங்கள். ஒரு நாள் எண்ணை நம்பக் கூடாது. முந்தின இரவின் உப்பும் நீரும் மட்டுமே ஒரு கிலோ ஆட்டம் காட்டும். தொப்புள் மட்டத்தில் இடுப்பளவையும் டேப்பில் குறித்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒரு கிலோ ஏறினால் மிகச் சரி. இரண்டு கிலோவுக்கு மேல் ஏறி இடுப்பும் 2 செ.மீ. பெருத்தால் வேர்க்கடலையை நிறுத்துங்கள், முட்டையை நிறுத்தாதீர்கள்.

சிலருக்கு இவ்வளவு செய்தும் முள் நகராது. 1999-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கு அரைக் கிலோ கொழுப்புக்கூட ஏறவில்லை. இன்னொருவருக்கு 4 கிலோவுக்கு மேல் ஏறியது. அதிகம் சாப்பிட்டதும் சிலரது உடல் தன்னையறியாமல் அதிகம் நடக்கிறது, நிற்கிறது, கைகாலை ஆட்டுகிறது. உள்ளே வந்ததைச் செலவழித்துவிடுகிறது. நீங்களும் அந்த ரகமாக இருக்கலாம். மூன்று மாற்றங்களும் முழுதாக வந்தபின் இரண்டு வாரம் எடை அசையாவிட்டால் இன்னும் 200 கலோரி: இட்லிப் பொடியில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய், அதோடு இன்னும் 20 கிராம் வேர்க்கடலை. அப்போதும் நகராவிட்டால் பாலை 300-லிருந்து 400 மில்லி ஆக்குங்கள். 56 கிலோ ஆனதும் கணக்கை மறுபடி போட வேண்டும். அப்போது புரதத் தேவை 90 கிராம், காலையில் மூன்றாவது முட்டையைச் சேர்க்கும் நேரம் அதுதான்.